மூன்று நாடுகளின் அணித்தலைவர்: மகாதேவ சதாசிவத்தின் வாழ்வும் காலமும்

தமிழர் வரலாறு பற்றி எழுந்த நூல்களையும் கட்டுரைகளையும் நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் அரசர், ஆலயம், இலக்கியம், அரசியல் என்னும் நான்கு எல்லைகளுக்குள் அடங்கிவிடுவதைக் காணலாம். மக்கள் தம் ஓய்வுநேரத்தை எவ்வாறு கழித்தனர், எவ்விளையாட்டில் ஈடுபட்டனர், யாரைத் தம் வீரராகக் கொண்டாடினர் என்பன போன்ற வினாக்கள் வரலாற்றாசிரியரின் கவனத்துக்குரியனவல்ல என்றொரு எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயினும், ஒரு சமூகத்தின் உள்ளமைப்பையும், அதிலே காணப்படும் ஏற்றத்தாழ்வுகளையும், பிற சமூகங்களுடன் அது கொண்டிருந்த உறவையும் அறிவதற்கு விளையாட்டின் வரலாறு சிறந்ததொரு வாயிலாகும். இலங்கையைப் பொறுத்தமட்டில், கிரிக்கெட் ஆட்டத்தின் வரலாற்றுக்கு இக்கூற்று முற்றிலும் பொருந்தும்.

அவ்வரலாற்றில் மகாதேவ சதாசிவம் தனித்து நிற்கும் ஒருவர். 1948 ஆம் ஆண்டிலே இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய இத்தமிழர், பிற்காலத்தில் சிங்கப்பூர், மலாயா ஆகிய அணிகளுக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாடுகளின் அணித்தலைவராக விளங்கிய பெருமை மிகச் சிலருக்கே வாய்த்தது. எனினும் அவர் பெயரைக் கேட்டதும் பலரது நினைவுக்கு வருவது அவரது துடுப்பன்று. 1951 ஆம் ஆண்டிலே தொடங்கி 1953 ஆம் ஆண்டு வரை இலங்கை முழுவதையும் பரபரப்பில் ஆழ்த்திய கொலை வழக்கேயாகும். இவ்விரு கதைகளில் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிட்டது. இரண்டையும் அவை நிகழ்ந்த காலத்தின் பின்னணியில் வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியேற்ற ஆட்சியும் கிரிக்கெட்டும்

இலங்கையிலே கிரிக்கெட் ஆட்டம் பிரித்தானியப் படைவீரராலும் அதிகாரிகளாலும் தோட்டத்துரைமாராலும் கொண்டுவரப்பட்டது. 1832 ஆம் ஆண்டிலே கொழும்பு கிரிக்கெட் கழகம் தோற்றம் பெற்றது. நெடுங்காலம் அக்கழகம் ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. மலைநாட்டிலே கோப்பி, தேயிலைத் தோட்டங்களை நிருவகித்த துரைமாருள் ஸ்கொத்லாந்து நாட்டினர் பெருந்தொகையினர். டிக்கோயா, திம்புளை முதலிய இடங்களில் அவர்கள் அமைத்த கழகங்கள் தம் தாய்நாட்டின் பொழுதுபோக்குகளை இம்மண்ணில் நிலைநிறுத்தின.

ஆட்டத்தைச் சுதேசிகளிடையே பரப்பியவை ஆங்கிலக் கல்லூரிகளாகும். றோயல் கல்லூரிக்கும் சென். தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1879 ஆம் ஆண்டிலே தொடங்கியது. யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 ஆம் ஆண்டு முதல் மோதிவரும் ஆட்டம் "வடக்கின் பெரும்போர்" எனப் பெயர் பெற்றது. ஆங்கிலக் கல்வி, அரசாங்க உத்தியோகம், கிரிக்கெட் ஆகிய மூன்றும் ஒரே படிக்கட்டின் மூன்று படிகளாக அக்காலத்து மத்தியதர வர்க்கத்தினருக்குத் தோன்றின எனலாம்.

இலங்கைத்தீவின் அமைவிடமும் இவ்வளர்ச்சிக்குத் துணைநின்றது. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே செல்லும் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்தில் தரித்துச் செல்வது வழக்கம். 1882 ஆம் ஆண்டிலே ஐவோ பிளையின் தலைமையில் அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற ஆங்கில அணி இவ்வாறு கொழும்பில் இறங்கி ஆடியது. அது முதல், கப்பல் நிற்கும் ஓரிரு நாள்களுக்குள் உலகின் தலைசிறந்த வீரர்களைக் காணும் வாய்ப்பு கொழும்பு மக்களுக்கு அவ்வப்போது கிடைத்துவந்தது. கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை போன்ற துறைமுகத்தை அண்டிய பகுதிகளில் வாழ்ந்த மக்களுக்கு அக்கப்பல்களின் வருகை அன்றாட நிகழ்ச்சி. அவற்றில் வந்திறங்கிய ஆட்டவீரர்களின் வருகையோ திருவிழாவுக்கு ஒப்பானது.

ஆட்டம் ஒன்றாயினும் ஆடியவர்கள் ஒன்றாயிருக்கவில்லை. 1887 ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்றுவந்த முக்கிய போட்டி, ஐரோப்பியருக்கும் இலங்கையருக்கும் இடையிலானதாகும். ஆளுவோரும் ஆளப்படுவோரும் எதிரெதிரே நின்ற அப்போட்டியில் இலங்கையர் ஈட்டிய ஒவ்வொரு வெற்றியும் ஆடுகளத்துக்கு அப்பாற்பட்ட பொருளைக் கொண்டிருந்தது. ஆனால் அந்த "இலங்கையர்" என்னும் பொதுப்பெயரின் கீழும் இன அடிப்படையிலான பிரிவுகள் காணப்பட்டன. பறங்கியரின் கழகம் 1896 ஆம் ஆண்டிலும், சிங்களவரின் கழகமும் தமிழரின் கழகமும் 1899 ஆம் ஆண்டிலும், சோனகரின் கழகம் 1908 ஆம் ஆண்டிலும் தோன்றின. சட்டநிரூபண சபையில் இன அடிப்படையிலே பிரதிநிதிகளை நியமித்த ஆட்சியின் கீழ், விளையாட்டுக் கழகங்களும் அதே அடிப்படையில் எழுந்தமை வியப்புக்குரியதன்று. பம்பாயிலே இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர் எனப் பிரிந்து ஆடிய போட்டிகள் இதனுடன் ஒப்புநோக்கத்தக்கவை.

தமிழ் யூனியன் கழகம்

1899 ஆம் ஆண்டிலே தோன்றிய தமிழ் யூனியன் கிரிக்கெட், மெய்வல்லுநர் கழகம் கொழும்புத் தமிழரின் சமூக வாழ்வில் முக்கிய இடத்தைப் பெற்றது. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகம் நாடி வந்து வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள், சட்டத்தரணிகள், மருத்துவர்கள், சிவில் சேவை அதிகாரிகள், வணிகர்கள் ஆகியோர் ஒன்றுகூடும் இடமாக அது அமைந்தது. காலப்போக்கில் பிற இனத்தவரும் அதில் இணைந்து ஆடினர். பிற கழகங்களும் அவ்வாறே தம் வாயில்களைத் திறந்தன. இன அடிப்படையில் எழுந்த கழகங்களே பின்னர் இனங்கள் கலந்து ஆடும் களங்களாக மாறியமை இலங்கைக் கிரிக்கெட் வரலாற்றின் சிறப்பம்சங்களுள் ஒன்றாகும்.

கழகத்துக்குப் பொரளையை அடுத்த வனாத்தமுல்லையில் அமைந்த மைதானம் "கொழும்பு ஓவல்" எனப் பெயர் பெற்றது. சிவில் சேவை அதிகாரியாய் விளங்கிய பாக்கியசோதி சரவணமுத்து இம்மைதானத்தின் வளர்ச்சியில் பெரும் பங்கு கொண்டவர். 1948 ஆம் ஆண்டிலே இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டபோது அதன் முதலாவது தலைவராகவும் அவரே தெரிவு செய்யப்பட்டார். 1977 ஆம் ஆண்டிலே மைதானம் அவர் பெயரைப் பெற்றது. தமிழர் கழகமொன்றின் மைதானம் நாட்டின் முதன்மை மைதானமாகவும், தமிழர் ஒருவர் நாட்டின் கிரிக்கெட் நிருவாகத்தின் தலைவராகவும், மற்றொரு தமிழர் நாட்டின் அணித்தலைவராகவும் ஒரே காலத்தில் விளங்கியமை அக்காலத்தின் இயல்பை உணர்த்தும். அந்நிலை நீடிக்கவில்லை என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

வெஸ்லியிலிருந்து ஓவல் வரை

சதாசிவம் 1915 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 18 ஆம் நாள் பிறந்தார். கொழும்பு வெஸ்லி கல்லூரியிலே கல்வி பயின்றார். 1874 ஆம் ஆண்டிலே புறக்கோட்டையின் டாம் வீதியில் மெதடிஸ்த மிசனரிமாரால் தொடங்கப்பட்ட இக்கல்லூரி, 1907 ஆம் ஆண்டிலே பொரளையிலுள்ள தற்போதைய இடத்துக்கு மாற்றப்பட்டது. கல்லூரி நாள்களிலேயே சதாசிவத்தின் துடுப்பாட்டத் திறமை பலரது கவனத்தையும் ஈர்த்தது. கல்லூரியை விட்டபின் தமிழ் யூனியன் கழகத்தில் இணைந்து, அதன் தலைசிறந்த துடுப்பாட்ட வீரராக விளங்கினார். நண்பர்களும் இரசிகர்களும் அவரைச் "சதா" என்றே அழைத்தனர்.

அவரது ஆட்டத்தைக் கண்டோர் விதந்து கூறுவது அவரது நிதானத்தையும் மணிக்கட்டின் நெகிழ்ச்சியையுமாகும். பந்தை வலிமையால் அடித்து விரட்டுவது அவரது முறையன்று. பந்து தம்மைக் கடந்துவிட்டது எனக் காண்போர் எண்ணும் கணத்திலே, துடுப்பால் மெல்லத் தொட்டு அதனை விக்கெட்டின் பின்புறமாக எல்லைக்கோட்டுக்கு அனுப்பும் ஆட்டமே அவரது தனிமுத்திரையாய் அமைந்தது. களத்தடுப்பாளர் இருவருக்கு இடையேயுள்ள இடைவெளியை அளந்து பந்தைச் செலுத்துவதில் அவர் வல்லவர். எதிரணித் தலைவர் ஒரு வீரரை இடம் மாற்றினால், அவ்வீரர் விட்டுச்சென்ற இடத்துக்கே அடுத்த பந்து செல்லும் என்று கூறுவர். இத்தகைய கதைகளிலே மிகையும் கலந்திருக்கலாம். ஆயினும் ஒரு வீரரைப் பற்றி எத்தகைய மிகை எழுகின்றது என்பதும் வரலாற்றுச் சான்றே. வலிமை மிக்கவர் பற்றி எழும் கதை வேறு. நுட்பம் மிக்கவர் பற்றி எழும் கதை வேறு. சதாசிவம் பற்றிய கதைகள் அனைத்தும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

முதல்தர ஆட்டங்களில் அவர் ஆடிய காலம் மிகக் குறுகியது. 1945 ஆம் ஆண்டு முதல் 1950 ஆம் ஆண்டு வரை 11 ஆட்டங்களில் மட்டுமே அவர் பங்குபற்றினார். அவற்றிலே 3 சதங்கள் உட்பட 753 ஓட்டங்களைப் பெற்றார், சராசரி 41.83. இவ்வெண்கள் மட்டும் ஒருவரை மாபெரும் வீரர் என நிலைநாட்டப் போதியவையல்ல. ஆயின் அக்காலத்திலே இலங்கை அணிக்கு ஆண்டுக்கு ஓரிரு முதல்தர ஆட்டங்களே கிடைத்தன என்பதையும், தேர்வு ஆட்டத் தகுதி இலங்கைக்கு இருக்கவில்லை என்பதையும் கருத்திற்கொண்டே இவற்றை மதிப்பிடல் வேண்டும். இந்தியா 1932 ஆம் ஆண்டிலேயே தேர்வு ஆட்டத் தகுதியைப் பெற்றுவிட்டது. பாக்கு நீரிணைக்கு இப்பால் பிறந்த வீரர்களுக்கோ அவ்வாய்ப்பு மேலும் ஐம்பது ஆண்டுகள் கிட்டவில்லை.

1945 ஆம் ஆண்டிலே கொழும்பு ஓவல் மைதானத்தில் இந்திய அணிக்கெதிராக நடைபெற்ற ஆட்டத்தில் சதாசிவம் 111 ஓட்டங்களைப் பெற்றார். இலங்கைக்கு வெளியேயும் அவர் பெயர் பரவத் தொடங்கியது அவ்வாட்டத்தின் பின்னராகும்.

சேப்பாக்கத்தில் ஓர் இரட்டைச் சதம்

1947 ஆம் ஆண்டிலே இலங்கை அணி தென்னிந்தியாவுக்குச் சென்றது. சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் தென்னிந்திய அணிக்கெதிராகச் சதாசிவம் பெற்ற 215 ஓட்டங்கள், அவரது முதல்தர ஆட்டங்களில் மிக உயர்ந்த தொகையாகும். பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் சென்னைக் கிரிக்கெட் இரசிகர்கள் அவ்வாட்டத்தை நினைவுகூர்ந்து பேசினர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற வீரர்கள் பலர் அதே மைதானத்தில் ஆடியபோதும், அவர்களை அளப்பதற்கு ஓர் அளவுகோலாகச் சதாசிவத்தின் ஆட்டம் எடுத்துக்காட்டப்பட்டது.

இவ்வெற்றிக்கு மற்றொரு பொருளும் உண்டு. சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே இலக்கியம், சமயம், வணிகம், இசை ஆகிய துறைகளில் நிலவிய உறவு பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அவ்வுறவிலே இலங்கைத் தமிழர் பெரும்பாலும் பெறுவோராகவே கருதப்பட்டனர். சேப்பாக்கத்திலோ கொழும்பிலிருந்து சென்ற தமிழர் ஒருவர், தமிழகத்தின் தலைநகரிலே, கொடுப்பவராக நின்றார். கிரிக்கெட் வழியான இவ்வுறவு பின்னர் நிலையான வடிவம் பெற்றது. இந்தியாவுக்காகக் கிரிக்கெட், ஹொக்கி ஆகிய இரண்டிலும் ஆடிய எம். ஜே. கோபாலன் பெயரால் அமைந்த கிண்ணத்துக்காகச் சென்னை அணியும் இலங்கை அணியும் 1953 ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு மோதின. தேர்வு ஆட்டத் தகுதி கிட்டும்வரை இலங்கை வீரர்கள் தம் திறமையைத் தீட்டிக்கொண்ட சாணைக்கற்களுள் அதுவும் ஒன்று.

1948: சுதந்திரமும் தலைமையும்

இலங்கை 1948 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆம் நாள் சுதந்திரம் பெற்றது. அடுத்த மாதம், இங்கிலாந்து நோக்கிச் சென்ற அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கியது. டொன் பிரட்மனின் தலைமையில் சென்ற அவ்வணி, இங்கிலாந்திலே ஓர் ஆட்டத்திலேனும் தோற்காது திரும்பி, "வெல்லப்படாதோர்" எனப் பெயர் பெற்றது. கொழும்பு ஓவல் மைதானத்தில் அவ்வணியை எதிர்கொண்ட இலங்கை அணியின் தலைவர் சதாசிவம். சுதந்திர நாடு ஒன்றின் அணியாக இலங்கை முதன்முதலாக உலகின் தலைசிறந்த அணியைச் சந்தித்தபோது, நாணயச் சுழற்சிக்காகப் பிரட்மனுடன் மைதானத்தின் நடுவே நடந்து சென்றவர் தமிழர் ஒருவர்.

ஆட்டத்தைப் பொறுத்தமட்டில், அவுஸ்திரேலியா 8 விக்கெட்டுகளை இழந்து 184 ஓட்டங்களைப் பெற்றது. பிரட்மன் 20 ஓட்டங்களே எடுத்தார். இலங்கை 2 விக்கெட்டுகளுக்கு 46 ஓட்டங்கள் பெற்றிருந்த வேளை மழை குறுக்கிட்டதால் ஆட்டம் முடிவின்றி நின்றது. ஆடுகளத்தின் நீளம் 22 யாராக இருத்தல் வேண்டும். அன்று அமைக்கப்பட்டிருந்ததோ 20 யார் மட்டுமே என்பது பின்னர் அளந்தபோது தெரியவந்தது. இச்சிறு நிகழ்ச்சி கிரிக்கெட் நூல்களில் வேடிக்கையாகக் குறிப்பிடப்படுவதுண்டு. அன்றைய கொழும்பு மக்களுக்கு முக்கியமானது ஆடுகளத்தின் நீளமன்று. தம்மவர் ஒருவர் பிரட்மனுக்குச் சமமாக நின்றார் என்பதே.

தலைமைப் பதவியின் பொருளைப் பிற நாடுகளின் நிலையோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். 1932 ஆம் ஆண்டிலும் 1936 ஆம் ஆண்டிலும் இங்கிலாந்து சென்ற இந்திய அணிகளுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டோர் அரச குடும்பத்தவர். திறமையினும் குலமே முன்னிறுத்தப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளிலே கறுப்பின வீரரான ஜோர்ஜ் ஹெட்லிக்கு 1948 ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரேயொரு தேர்வு ஆட்டத்திற்கே தலைமை கிட்டியது. முழுத் தொடர் ஒன்றுக்குக் கறுப்பினத்தவரான பிராங்க் வொரல் தலைவராவதற்கு 1960 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கையிலோ, 1932 - 33 ஆம் ஆண்டுகளிலேயே இந்தியாவுக்குச் சென்ற அணிக்கு இலங்கையரான மருத்துவர் சி. எச். குணசேகர தலைமை தாங்கினார். இவ்வகையில் இலங்கை முன்னேறியிருந்தது எனலாம்.

ஆயினும் இப்பெருமையின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். சதாசிவம் பிரட்மனுடன் மைதானத்தில் நடந்த அதே 1948 ஆம் ஆண்டிலேதான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, மலையகத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழர் நாடற்றவராக்கப்பட்டனர். ஒரு தமிழர் நாட்டின் அணிக்குத் தலைவராகலாம். மற்றொரு தமிழர் அந்நாட்டின் பிரசையாகவும் இயலாது. இம்முரண்பாடு இனம் ஒன்றினால் மட்டும் விளக்கப்படத்தக்கதன்று. ஆங்கிலம் கற்ற கொழும்புத் தமிழரும், தேயிலைச் செடிகளுக்கிடையே வாழ்ந்த தமிழரும் ஒரே மொழியைப் பேசியபோதும் வெவ்வேறு உலகங்களில் வாழ்ந்தனர். ஆகவே சதாசிவத்தின் தலைமையைத் தமிழினம் முழுவதும் அடைந்த உயர்வின் சின்னமாகக் கொள்வது பொருத்தமற்றது. அது ஒரு வர்க்கத்தின் உயர்வைக் காட்டியது; ஒரு தனிமனிதரின் திறமையையும் காட்டியது.

1949 ஆம் ஆண்டு தொடக்கம் எவ். சி. டி சேரம் இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார். சதாசிவம் தொடர்ந்து ஆடினார். 1950 ஆம் ஆண்டிலே பொதுநலவாய அணிக்கெதிராகக் கொழும்பில் அவர் பெற்ற 96 ஓட்டங்கள், சதமொன்றை எட்டாதபோதும், அவரது சிறந்த ஆட்டங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. எதிரணியில் ஆடிய வொரல் அவ்வாட்டத்தை மிக உயர்வாகப் போற்றினார் என்பர். கார்பீல்ட் சோபர்ஸும் சதாசிவத்தை உலகின் தலைசிறந்த துடுப்பாட்ட வீரர் வரிசையில் வைத்துப் பேசியதாகப் பலரும் எழுதியுள்ளனர். தேர்வு ஆட்டம் ஒன்றிலேனும் ஆடாத ஒருவருக்கு இத்தகைய பாராட்டுக் கிடைத்தமை அரிது.

நீதிமன்றத்தில் அணித்தலைவர்

1951 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 9 ஆம் நாள், சதாசிவத்தின் துணைவியார் பம்பலப்பிட்டி சென். அல்பன்ஸ் பிளேசிலுள்ள தமது இல்லத்திலே கொலையுண்டு கிடக்கக் காணப்பட்டார். கணவன் மனைவியரிடையே அப்பொழுது மணமுறிவு வழக்கு நிலுவையில் இருந்தது. அன்று காலை வரை சதாசிவம் அவ்வீட்டில் இருந்தார். பொலிசார் அவரைக் கைது செய்தனர். அவ்வீட்டிலே பணிபுரிந்து, அன்றே மறைந்துவிட்ட வேலைக்காரரும் சில நாள்களின் பின் கைதானார். பின்னர் நிபந்தனையுடனான மன்னிப்பு வழங்கப்பட்டு, அவர் முடிக்குரிய சாட்சியாக்கப்பட்டார். எசமானரே கொலை செய்தார் என்றும், தாம் அவருக்குத் துணைபுரிந்ததாகவும் அவர் கூறினார்.

1953 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நீதியரசர் ஈ. எவ். என். கிரேஷன் முன்னிலையில் யூரிமாருடன் விசாரணை தொடங்கியது. 57 நாள்கள் நீடித்த அவ்விசாரணை இலங்கை நீதித்துறை வரலாற்றில் நெடியவற்றுள் ஒன்று. எதிரிக்காகத் தோன்றியவர் இடதுசாரித் தலைவரும் புகழ்பெற்ற சட்டத்தரணியுமான கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. முடியின் தரப்பிலே ரி. எஸ். பெர்னாண்டோ வழக்கை நடத்தினார். குற்றம் நிரூபிக்கப்படின் தண்டனை தூக்கு.

வழக்கின் அச்சாக அமைந்தது ஒரேயொரு வினா: மரணம் எந்நேரத்தில் நிகழ்ந்தது? சதாசிவம் வீட்டைவிட்டுப் புறப்பட்ட நேரம் வாடகை மோட்டார்க்கார் மூலம் தெளிவாகத் தெரிந்திருந்தது. மரணம் அதற்கு முன்னர் நிகழ்ந்ததாயின் ஐயம் அவர் மீது விழும். பின்னர் நிகழ்ந்ததாயின் அவர் குற்றமற்றவர். ஆகவே உடலின் வெப்பம் எவ்வளவு வேகத்தில் குறையும் என்பதும், உணவு எவ்வளவு நேரத்தில் செமிக்கும் என்பதும் நீதிமன்றத்தில் நாள்கணக்கில் விவாதிக்கப்பட்டன. கொழும்பு மருத்துவபீடப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம் மரண விசாரணை மருத்துவராகச் சாட்சியமளித்தார். ஸ்கொத்லாந்திலே எடின்பரோ பல்கலைக்கழகத்தின் சட்ட மருத்துவப் பேராசிரியராகவும் உலகப் புகழ் பெற்ற நிபுணராகவும் விளங்கிய சேர் சிட்னி ஸ்மித் எதிரி தரப்பில் சாட்சியமளித்தார். கொலை சமையலறையில் நிகழ்ந்தது என்றும், அதற்கும் சதாசிவத்துக்கும் தொடர்பில்லை என்றும், வேலைக்காரரே அதற்குப் பொறுப்பாளி என்றும் எதிரி தரப்பு வாதிட்டது. 1953 ஆம் ஆண்டு யூன் மாதம் 25 ஆம் நாள் யூரிமார் சதாசிவம் குற்றவாளியல்லர் என ஒருமுகமாகத் தீர்ப்புக் கூறினர். ஏறத்தாழ இருபது மாதங்கள் மறியலில் இருந்தபின் அவர் விடுதலையானார்.

இவ்வழக்குத் தொடர்பாக இரு செய்திகள் நினைவிற் கொள்ளத்தக்கன. முதலாவது, விடுதலையான ஒருவர் சட்டத்தின் முன் குற்றமற்றவர். ஆயினும் சமூகத்தின் முன் அவர் நெடுங்காலம் விசாரணைக் கூண்டிலேயே நின்றார். தீர்ப்பைக் கேட்டவர்களினும் வதந்தியைக் கேட்டவர்கள் பலர். அணித்தலைவராக அவர் பெற்ற புகழே வழக்கின் பரபரப்பைப் பெருக்கியது. பெருகிய பரபரப்பு அப்புகழையே மறைத்தது. இரண்டாவது, இளந்தாய் ஒருவரின் கொடிய மரணத்துக்கு எவரும் தண்டனை பெறவில்லை. முடிக்குரிய சாட்சிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டுவிட்டமையால், யூரிமாரின் தீர்ப்புடன் வழக்கு முற்றுப்பெற்றது. ஒரு பெண்ணின் உயிரிழப்பு, துடுப்பாட்ட வீரர் ஒருவரின் வாழ்வில் நிகழ்ந்த இடையூறாக மட்டும் பேசப்பட்டு வந்தமை நம் நினைவுகூரலின் குறைபாடேயாகும்.

ஈண்டு மற்றுமோர் ஒற்றுமையும் கருதற்பாலது. சதாசிவத்தை அடுத்து அணித்தலைவரான எவ். சி. டி சேரம் றோயல் கல்லூரியிலும் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திலும் கல்வி கற்றவர். 1934 ஆம் ஆண்டிலே ஒக்ஸ்போட் அணிக்காக அவுஸ்திரேலியருக்கெதிராக 128 ஓட்டங்கள் பெற்றவர். பின்னர் இராணுவ உயர் அதிகாரியானவர். அவரும் 1962 ஆம் ஆண்டு நிகழ்ந்த இராணுவச் சதி முயற்சியின் முதன்மை எதிரிகளுள் ஒருவராக விசாரணைக் கூண்டில் நின்றார். இலங்கை நீதிமன்றம் தண்டித்தபோதும், 1965 ஆம் ஆண்டிலே இலண்டன் பிரிவிக் கவுன்சில் அத்தண்டனையை நீக்கியது. சுதந்திரத்தை அடுத்து வந்த இரு அணித்தலைவர்கள் முற்றிலும் வேறுபட்ட காரணங்களுக்காகத் தம் உயிரைப் பணயமாக வைத்து நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது தற்செயலே. ஆனால், குடியேற்ற ஆட்சிக்காலத்தில் உருவாகி, அவ்வாட்சி நீங்கியபின் தன் இடத்தைத் தேடித் தவித்த ஒரு மேட்டுக்குடி உலகின் நிலையாமையை அவ்விருவர் வாழ்வும் ஒருங்கே புலப்படுத்துகின்றன.

கடல் கடந்த தலைமையும் இறுதிக்காலமும்

விடுதலையின் பின்னர் சதாசிவம் கடல் கடந்து சென்றார். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் யாழ்ப்பாணத்திலிருந்து சென்று புகையிரதம், மருத்துவம், எழுதுவினை ஆகிய துறைகளில் பணிபுரிந்த தமிழர் பலர் வாழ்ந்தனர். அவர்களது வாழ்விலும் கிரிக்கெட் இடம்பெற்றிருந்தது. சிங்கப்பூர் அணிக்கும் பின்னர் மலாயா அணிக்கும் சதாசிவம் தலைமை தாங்கினார். தாய்நாட்டிலே பழிச்சொல்லுக்கு ஆளான ஒருவரைப் புகுந்த நாடுகள் தலைவராக ஏற்றுக்கொண்டன. நாற்பது வயதை அண்மிய நிலையிலும் அவரது மணிக்கட்டின் நுட்பம் குன்றவில்லை என்பதற்கும் இது சான்றாகும்.

பிற்காலத்தில் கொழும்புக்குத் திரும்பிய அவர், 1977 ஆம் ஆண்டு யூலை மாதம் 9 ஆம் நாள் காலமானார். அவர் முதன்முதலாகப் புகழ் பெற்ற ஓவல் மைதானம் சரவணமுத்துவின் பெயரைப் பெற்றதும் அதே ஆண்டிலாகும். 1981 ஆம் ஆண்டிலே இலங்கைக்குத் தேர்வு ஆட்டத் தகுதி வழங்கப்பட்டது. 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி 17 ஆம் நாள், அதே மைதானத்தில், பந்துல வர்ணபுரவின் தலைமையில் இலங்கை தன் முதலாவது தேர்வு ஆட்டத்தை இங்கிலாந்துக்கெதிராக ஆடியது. 1985 ஆம் ஆண்டிலே முதலாவது தேர்வு வெற்றியை ஈட்டியதும் அம்மைதானத்திலேயாகும். சதாசிவம் இவற்றைக் காண உயிருடன் இருக்கவில்லை.

மதிப்பீடு

சதாசிவத்தை எவ்வாறு மதிப்பிடுவது? எண்களை மட்டும் நம்பும் ஒருவர், 11 ஆட்டங்களையும் 753 ஓட்டங்களையும் சுட்டிக்காட்டி, இவர் பற்றிய புகழுரை அனைத்தும் மிகையென ஒதுக்கிவிடலாம். வாய்மொழி மரபை மட்டும் நம்பும் ஒருவர், இவரைப் போல் உலகில் எவரும் ஆடியதில்லை எனச் சாதிக்கலாம். வரலாற்று மாணவர் இவ்விரண்டுக்கும் இடையே நிற்றல் வேண்டும். வாய்ப்பு மறுக்கப்பட்டோரின் திறமை ஏடுகளில் முழுமையாகப் பதிவு பெறுவதில்லை. அது பதிவு பெறாமை, அவ்வாய்ப்பைப் பங்கிட்ட அதிகார அமைப்பைப் பற்றிய செய்தியேயன்றி, திறமையைப் பற்றிய செய்தியன்று. எனவே ஏடுகள் மௌனிக்கும் இடத்தில் நினைவுகளுக்குச் செவிசாய்த்தல் அவசியமாகின்றது. அந்நினைவுகளைச் சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய்தலும் அவ்வாறே அவசியம்.

அவரது தலைமை பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். 1948 ஆம் ஆண்டிலே அவரைத் தலைவராக ஏற்றவர்கள் சிங்களவர், பறங்கியர், தமிழர், சோனகர் ஆகிய பல இனத்தவர். அவரது இனத்தை எவரும் தடையாகக் கருதியதாகத் தெரியவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில், மொழிச் சட்டமும், 1958 ஆம் ஆண்டுக் கலவரமும், 1983 ஆம் ஆண்டின் கொடுமைகளும் அத்தகைய நம்பிக்கையைச் சிதைத்தன. பிற்காலத்திலே தமிழ் யூனியன் கழகத்துக்காக ஆடிய முத்தையா முரளிதரன், 2010 ஆம் ஆண்டிலே 800 தேர்வு விக்கெட்டுகள் என்னும் சாதனையுடன் ஓய்வு பெற்றார். அவரை நாடே கொண்டாடியது. அவர் பிறந்ததோ மலையகத் தமிழ்க் குடும்பம் ஒன்றில். 1948 ஆம் ஆண்டிலே நாடற்றவராக்கப்பட்ட சமூகத்தின் வழிவந்த ஒருவர், அதே ஆண்டிலே நாட்டின் அணித்தலைவராயிருந்தவரின் கழகத்துக்காக ஆடி உலகப் புகழ் பெற்றமை, இலங்கைத் தமிழர் வரலாற்றில் எளிதிற் கடந்து செல்லத்தக்க செய்தியன்று.

வெள்ளவத்தைக் கடற்கரையிலும் கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் பலகைத் துண்டைத் துடுப்பாகக் கொண்டு ஆடும் சிறுவர்களுக்குச் சதாசிவத்தின் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்களது பாடநூல்களில் அவருக்கு இடமில்லை. ஒரு வழக்கின் எதிரியாக மட்டும் அவரை நினைவுகூர்வது அவருக்குச் செய்யும் அநீதி. குறைகளற்ற வீரராக மட்டும் போற்றுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. திறமையும் தவறும், புகழும் பழியும் கலந்த மனிதராகவும், ஒரு நாடு பிறந்த வேளையில் அதன் அணியை நடத்திச் சென்ற தலைவராகவும் அவரை அறிந்துகொள்வதே முறையாகும். ஆட்டத்தை நேரிற் கண்ட கண்கள் ஏறத்தாழ மறைந்துவிட்ட இக்காலத்தில், அப்பணியை எழுத்தே ஏற்றல் வேண்டும்.